முழுத்திரை

காலையில் வந்து கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பியதும் அவளுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. நேற்று ஒழுங்காக மூடிவிட்டுப் போன எடிட்டிங் மென்பொருள் திறந்து கிடந்தது. அதுவும் முழுத்திரையில். மேலே மெனு இல்லை, ஓரத்தில் கருவிகள் இல்லை, லேயர் பட்டியல் இல்லை, கோப்பின் பெயர்கூட இல்லை. சுற்றிலும் கறுப்பு, நடுவே ஒரு படம்.

முழுத்திரை என்றாலே அவளுக்கு ஆகாது. பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் கல்யாணங்களுக்கு நிறம் திருத்திக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கும் எஃப் கீயில் விரல் தவறிப் பட்டுவிட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். படத்தின் எந்த அடுக்கில், எந்த லேயரில் நிற்கிறோம் என்று தெரியாது. நகலில் வேலை செய்வதாக நினைத்து மூலப் படத்திலேயே தேய்த்து, அதையே சேமித்தும் தொலைத்துவிடுவோம். ஒருமுறை அப்படித்தான் ஒரு மாப்பிள்ளையின் மீசையில் பாதி போய், அந்த மனிதர் கடைக்கே வந்து சத்தம் போட்டார். அதைச் செய்தது இவள் இல்லை. வாயாடி.

வாயாடி என்பது கல்லூரியில் ஒட்டிக்கொண்ட பெயர். பேசியே ஆளைக் கரைத்துவிடும் அவளுக்கு அது பொருத்தம். பேச்சே வராத இவளுக்கு அவள் வைத்த பெயர் கோட்டான். ஒருத்தி படம் எடுப்பாள், ஒருத்தி படத்தைத் திருத்துவாள் என்று இருவரும் சரிபாதியாகச் சேர்ந்து தொடங்கிய கடை இது. இப்போது அடுத்த தெருவில் மூன்று மடங்கு பெரிய இடம் கிடைத்திருக்கிறது. நாளை ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு வருட உழைப்பு அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது என்று கோட்டான் இரவெல்லாம் தூங்காமல் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாயாடிக்கு முழுத்திரை உயிர். "எல்லாத்தையும் மறைச்சாத்தாண்டி படமே தெரியும். நீ எங்க படத்தைப் பாக்குற, பட்டனைத்தானே பாக்குற" என்பாள். ஆகவே இவளது நாற்காலியில் நேற்று மாலை யார் உட்கார்ந்திருந்தது என்று துப்புத் துலக்கத் தேவையில்லை.

எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. நிறம் பொய் சொல்லக் கூடாது என்று சுவர் நான்கிற்கும் சாம்பல் வண்ணம் அடித்து, வாசலில் கனத்த கறுப்புத் திரையும் தொங்கவிட்டிருந்தார்கள்; வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எந்நேரமும் அந்தி கறுத்த மாதிரிதான் இருக்கும். சூடேறிய தூசியின் வாசனையும், பக்கத்துப் பிரிண்டரிலிருந்து வரும் மை வாசனையும் அங்கேயே குடியிருந்தன. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வாயாடி ஒரு குடும்பத்தை நிற்கவைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். "சார், கொஞ்சம் சிரிங்க. காசா பணமா, சிரிங்க." பிறகு ஃபிளாஷ் சக்தி சேர்க்கும் மெல்லிய கீச்சொலி, கிளிக், மறுபடி அந்தக் கீச்சொலி.

கோட்டான் படத்தை உற்றுப் பார்த்தாள். கடை திறந்த நாள் எடுத்தது. கடையின் புது இரும்பு ஷட்டருக்கு முன்னால் இருவரும் நிற்கிறார்கள். வாயாடி சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள், கோட்டான் அவள் தோளில் இடது கையைப் போட்டுக்கொண்டு.

இல்லை. தோளில் கை இல்லை.

மணிக்கட்டு வரைதான் இருந்தது. அதற்கு அப்பால் வாயாடியின் நீலச் சட்டை சுருக்கம் சுருக்கமாகத் தொடர்ந்தது. நல்ல சுத்தமான வேலை. ஆனால் சட்டையின் மேல் ஐந்து விரல்களின் நிழல் மட்டும் அப்படியே விழுந்து கிடந்தது. நிழலை மறப்பது வாயாடிக்கு வாடிக்கை. இவள் எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருக்கிறாள், ஆளை எடுத்தால் நிழலையும் எடு என்று!

புதுக் கடைச் சுவருக்கு இந்தப் படத்தைத்தான் ஆளுயரத்துக்கு அச்சடிக்கப்போவதாக வாயாடி சொல்லியிருந்தாள். "நானே ரெடி பண்றேன், உனக்கு ஏன் சிரமம்?" என்றும் சொல்லியிருந்தாள். இவள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். எவ்வளவு பெரிய மடச்சி!

கோப்பின் பெயரைப் பார்க்க வேண்டும். இது மூலப் படமா, நகலா? எஸ்கேப்பை அழுத்தினாள். கறுப்பு ஒருமுறை கண் சிமிட்டியது. மெனுவின் விளிம்பு தெரிந்த மாதிரி இருந்தது. உடனே முழுத்திரை திரும்பிவிட்டது. எஃப் கீயை அழுத்தினாள். மறுபடி ஒரு சிமிட்டல், மறுபடி அதே படம். இந்த இழவைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் என்று முணுமுணுத்தபடி மவுஸைப் பிடிக்கப் போனவள் நின்றுவிட்டாள்.

படத்தில் இப்போது முழங்கைவரை காணோம்.

அவள் யோசித்துப் பார்த்தாள். முதலிலேயே அப்படித்தான் இருந்ததோ? கண் அசதியோ? சரி, செய்ததை ரத்து செய்யும் கட்டளையைக் கொடுப்போம் என்று கன்ட்ரோலையும் இஸட்டையும் சேர்த்து அழுத்தப் போனபோது இடது கை அசையவில்லை. மேசைமேல் இருந்தது. பார்க்க முடிந்தது. ஆனால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரிக் கிடந்தது. வலியில்லை, மரத்துப்போன குறுகுறுப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. வலது கையால் தொட்டால் குளிர்ந்த, வழவழப்பான தாளைத் தொடுவதைப் போல இருந்தது.

"ஏய்!" என்று கூப்பிட்டாள். "இங்க கொஞ்சம் வாயேன்!"

தடுப்புக்கு அந்தப் பக்கம் கீச்சொலி. கிளிக். "அம்மா, தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க."

கேட்கவில்லையா? இல்லை, கேட்டும் கேளாதவள் மாதிரி இருக்கிறாளா? கோட்டானுக்குப் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் தவிர ஒரு நாள்கூட இவள் லீவு எடுத்ததில்லை. வாயாடி எடுத்த மங்கலான படங்களையும், சாய்ந்த படங்களையும், பாதி இருட்டில் எடுத்த படங்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து படமாக்கியது இவள்தான். பேர் வாங்கியது அவள். போகட்டும் என்று விட்டாள். இப்போது அடிமடியிலேயே கை வைக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றால், இந்தக் கோட்டானை மறைக்கவா முடியாது!

பிளக்கை உருவினாள். திரை அணைந்தது. உள்ளே விசிறி சுற்றி ஓய்ந்தது. அந்த அமைதியில் பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி செருகினாள்.

எந்த நிறுவனத்தின் பெயரும் வரவில்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. நேராகக் கறுப்பு. நடுவே படம். அதில் தோள்பட்டையும் இடுப்பும் போயிருந்தன. அங்கெல்லாம் ஷட்டரின் இரும்பு வரிகள் ஒன்றுக்கொன்று பிசகாமல் ஓடின. வெளியே வர முயலும்போதெல்லாம் தன்னைத் தானே கொஞ்சம் அழித்துக்கொள்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இனி எதையும் தொடக்கூடாது. எழுந்து போய்விட வேண்டும்.

எழ முடியவில்லை. இடுப்புக்குக் கீழே நாற்காலி மட்டுமே இருப்பதைப் போல இருந்தது.

வலது கையால் போனை எடுத்தாள். அண்ணனைக் கூப்பிடலாம். போன் அவள் முகத்தைப் பார்த்துத் திறக்க வேண்டும். பார்த்தது. திறக்கவில்லை. நெருங்கிக் காட்டினாள். முகம் இல்லை என்றது போன்.

திரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். படத்தில் கன்னமும் வாயும் இருந்த இடத்தில் இரும்பு வரிகள்.

கத்தினாள். சத்தம் வரவில்லை. விரலால் தடவினாள். உதடு இல்லை. பல் இல்லை. குளிர்ந்த வழவழப்பு. வரிவரியாக.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்கள் விடைபெறும் சத்தம். கண்ணாடிக் கதவு சாத்தும் சத்தம். செருப்புச் சத்தம் நெருங்கியது. கறுப்புத் திரை விலகியது. ஒரு கீற்று வெயில் தரையில் விழுந்து அணைந்தது.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. என்ன இருந்தாலும் வாயாடி இவளை இப்படிப் பார்த்தால் அலறிவிடுவாள். ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருவாள். எத்தனை வருடப் பழக்கம்!

வாயாடி பார்த்தாள். நேராகப் பார்த்தாள். அலறவில்லை.

"கொஞ்சம் நகருடி" என்றாள், தினமும் சொல்கிற அதே குரலில். நாற்காலியைக் கோட்டானோடு சேர்த்து ஓரமாகத் தள்ளிவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். படத்தைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"நேத்து கையை எடுக்கவே எனக்கு ரெண்டு மணி நேரம். பாதி வேலையை நீயே முடிச்சுட்டியே. உன் கை வேலைக்கு ஈடு ஏது?"

கோட்டான் வலது கையால் அவள் சட்டையைப் பற்றினாள். வாயாடி குனிந்து பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். முரட்டுத்தனமாக இல்லை. மெதுவாகத்தான் பிரித்தாள்.

"கோவிச்சுக்காத. படத்துல ஒரு ஆள்தான் நிக்கணும், ரெண்டு பேர் நின்னா யாரு கடைன்னு கேக்குறாங்க." மவுஸை எடுத்தாள்; திரையில் அழிப்பானின் மெல்லிய வெள்ளை வட்டம் தோன்றியது. "இந்த ஒரு படம்தாண்டி பாக்கி. மத்ததெல்லாம் போன மாசமே முடிச்சாச்சு."

மற்றதெல்லாம். போன மாதமே. இந்த ஒரு மாதமாகத் தெருவில் தெரிந்தவர்கள் பார்த்தும் பாராமல் போனது, அண்ணன் போனை எடுக்காதது, எல்லாம் ஒருசேர நெஞ்சில் இடித்தது. கூடவே இருந்து குழி பறிப்பதை இத்தனை நாள் கூடவே இருந்தும் பார்க்காமல் போனாள்.

போனில் யாரோ கூப்பிட்டார்கள். வாயாடி தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டே வேலை செய்தாள். "ஆமாங்க, நாளைக்குக் கையெழுத்துதான். கூட்டாளியா? இல்லையே, ஆரம்பத்துலேர்ந்து நான் ஒருத்திதான். ஒண்டிக்கட்டையாத்தான் சமாளிச்சேன்."

வலது கை போனது. நெற்றி போனது. காது போனது. பிரிண்டரின் முனகல் பாதியில் நின்றது.

ஒரு கண்.

அந்தக் கண்ணும் இப்போது அறையில் இல்லை. சுற்றிலும் கறுப்பு. மேலே ஒன்றும் இல்லை. ஓரத்தில் ஒன்றும் இல்லை. எந்தப் பக்கமும் வாசல் இல்லை. எதிரே மட்டும் வெளிச்சமான ஒரு பெரிய சதுரம். அதற்கு அந்தப் பக்கம் சாம்பல் சுவர், காலியான நாற்காலி, வீடு அளவுக்குப் பெரிதாய் வாயாடியின் முகம். உதட்டோரம் நாக்கை லேசாகத் துருத்தி, கண்ணைச் சுருக்கி, அவள் இன்னும் நெருங்கிக் குனிந்தாள்.

"அசையாம இருடி" என்று அந்த உதடுகள் அசைந்தன.

சதுரத்தின் மூலையிலிருந்து மெல்லிய வெள்ளை வட்டம் ஒன்று நகர்ந்து வந்து, அவள் மேலே நின்றது.