முன்கூட்டியே கட்டிய ஃபிளெக்ஸ்

சுதீஷின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. காகிதம் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல் அல்ல. அவன் அப்பா தையல்கடையில் கோட்டுத் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல்.

"ஏணியைப் பிடிச்சுக்கோ ஆர்யா. முதல்ல மூக்கு, அப்புறம் மீசை" என்றான்.

வலியசாலைத் தெருமுனையில் தொங்கிய ஃபிளெக்ஸில் கைகள் இரண்டையும் விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார் நவநீத். கீழே கொட்டை எழுத்தில், 'நகர ஓட்டத்தில் நான்காம் முறையாக வெற்றி! எங்கள் சிங்கம் நவநீத்!'

"இறங்குடா கீழே" என்றாள் ஜானவி.

"எதுக்கு இறங்கணும்? நவநீத் சேட்டன் செஞ்சது கள்ளத்தரம் அல்லே?"

கள்ளத்தரம்தான், சுத்த ஏமாற்று வேலை. போன வாரம் வெளியான வீடியோவை ஊரே பார்த்துவிட்டது. தம்பானூர் தாண்டியதும் ஒரு சந்துக்குள் நண்பனின் ஸ்கூட்டர் காத்திருக்கிறது. நவநீத் ஏறுகிறார். ஸ்கூட்டர் பறக்கிறது. கிழக்கே கோட்டை அருகே இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடுகிறார். எல்லோருக்கும் முன்னால்.

அமைப்பாளர்கள் பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருடம் எந்தப் போட்டியிலும் ஓடக்கூடாது என்று தடையும் போட்டார்கள். அன்றிலிருந்து நவநீத் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தெருப்பிள்ளைகளுக்குக் காலையில் அவர் கொடுத்துவந்த ஓட்டப் பயிற்சியும் நின்றுபோனது. பள்ளி விளையாட்டு விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"பாவம், விட்டுடலாமே. வேற யாரு நமக்குச் சொல்லித் தருவா?" என்றாள் ஆர்யா.

"ஸ்கூட்டர்ல ஏறச் சொல்லித் தருவாரு. வேணுமா?" என்றான் சுதீஷ்.

இருவரும் ஜானவியைப் பார்த்தார்கள். மற்ற இருவரையும்விட அவளுக்குத்தான் கோபம் அதிகம். அதற்குக் காரணம் இருந்தது.

ஓட்டத்தன்று தம்பானூருக்கும் கோட்டைக்கும் நடுவே, கிள்ளிப்பாலம் திருப்பத்தில் நின்று எல்லோருக்கும் நீர்மோர் கொடுத்தவள் அவள். நவநீத் அண்ணாவுக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். ஓட வந்தவர்கள் எல்லோரும் கடந்து போனார்கள். அவர் மட்டும் வரவில்லை. ஆனால் ஜெயித்தது அவர் என்று ஒலிபெருக்கி சொன்னது.

"ஹீரோ ஓடினதுகூடத் தெரியாம நின்னுண்டே தூங்கியிருக்கா பாரு" என்று தெருவே அவளைக் கேலி செய்தது. சுதீஷ் 'தூங்குமூஞ்சி' என்று பெயரே வைத்துவிட்டான். கடைசியில் ஜானவியே நம்பிவிட்டாள், தான் தூங்கித்தான் போயிருக்கவேண்டும் என்று.

"முதல்ல அவரைப் பார்த்து ரெண்டு கேள்வி கேட்கணும். அதுவரைக்கும் கத்தரிக்கோல் உள்ளே இருக்கட்டும்" என்றாள் ஜானவி.

மூவரும் நவநீத்தின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

கதவு பாதிதான் திறந்தது. முகமெல்லாம் தாடி. படத்தில் இருந்த சிங்கத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை.

"எல்லாரும் என்னை மன்னிச்சுடுங்கோ" என்றார் தரையைப் பார்த்தபடி.

"ஏன் அண்ணா அப்படிப் பண்ணினேள்?" என்றாள் ஜானவி.

"முட்டி வலி. இந்தத் தடவை ஜெயிக்க முடியாதுன்னு எனக்கே தெரியும். ஓட்டத்தன்னிக்கு விடியக்காலம் வெளியே வந்தேன். முனையில ஃபிளெக்ஸ் தொங்கறது, நான் ஜெயிச்சுட்டேன்னு. தோத்துட்டு அதுக்குக் கீழே எப்படி நடந்து வர்றது?" என்றார் நவநீத்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்படியும் அண்ணாதான் ஜெயிப்பார் என்று முந்தின நாளே ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டியது தெருக்காரர்கள். 'சிங்கம்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது ஜானவி.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"முன்னாடியே அடிச்சது எங்க தப்பு. ஸ்கூட்டர்ல ஏறினது உங்க தப்பு. அதையும் இதையும் கலக்கப்படாது."

"கலக்கலை" என்றார் நவநீத், மெல்ல.

"சரி, அடுத்த கேள்வி. எங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேள். ரெண்டாவதா வந்தாரே, கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பார்க்கிற சற்குணம் அண்ணா, அவர்கிட்ட கேட்டேளா?"

"எந்த முகத்தோட கேட்கறது?"

"ஃபோன்ல முகம் தெரியாது" என்றாள் ஜானவி.

சுதீஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

நவநீத் எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டார்.

"யாரு? நவநீத்தா?" நாஞ்சில் நாட்டுக் குரல் கணீரென்று வந்தது. "சொல்லும்."

"நான் பண்ணினது தப்பு. உங்க வெற்றியை நான் எடுத்துண்டுட்டேன். மன்னிச்சுடுங்கோ."



"அன்னைக்கு எனக்கு முன்னால ஒருத்தரும் கெடயாது" என்றது குரல். "அது எனக்கு நல்லாத் தெரியும். கோட்டைப் பக்கம் திரும்பினா உம்ம முதுகு நிக்கி. எப்போ தாண்டினீருன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை குழம்பிட்டு. நமக்குத்தான் கண்ணுல கோளாறுன்னு மறுநாளே போயிக் கண்ணாடி போட்டுட்டேன் வே."

"எனக்கும் அதேதான் அண்ணா" என்று ஜானவி குறுக்கே புகுந்தாள். "நான் தூங்கிட்டேன்னு எல்லாரும் சொன்னா. நானும் நம்பிட்டேன்."

"அது யாரு பிள்ளை?"

"ஜானவி. கிள்ளிப்பாலத்துல மோர் குடுத்தேனே."

"ஓ, அந்த மோரா? மறக்க முடியுமா அதை" என்றார் சற்குணம். பிறகு குரல் இறங்கியது. "மெடல் இப்போ கூரியர்ல வந்துட்டு. நானே பிரிச்சு நானே கழுத்துல போட்டுக்கிட்டேன். கைதட்ட ஆள் இல்ல, அவ்வளவுதான்."

ஜானவியின் கண்கள் பளிச்சிட்டன.

"நவநீத் அண்ணா, தம்பானூர்லேருந்து கோட்டை வரைக்கும் நீங்க ஓடாம விட்ட வழி அப்படியே பாக்கி இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில ஓடுங்கோ. நாங்க அதே இடத்துல நிக்கறோம். கைதட்டறதுக்கும் ஆள் இருக்கும்."

"முட்டி..." என்றார் நவநீத்.

"மெதுவா ஓடுங்கோ. யாரும் ஃபிளெக்ஸ் அடிக்கப் போறதில்லை."

ஃபோனிலிருந்து பெரிய சிரிப்பு வந்தது. "நானும் வாறேன் வே. இந்தத் தடவை என் கண்ணு முன்னாலயே ஓடும்."

சுதீஷ் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். "அந்த ஃபிளெக்ஸ்?"

"உன் இஷ்டம். கிழிச்சுடு" என்றார் நவநீத்.

"கிழிக்கறது எளுப்பம், ஒரு நிமிஷ வேலை" என்றான் சுதீஷ். "அதைத் திருப்பிப் போட்டா பின்பக்கம் வெள்ளை. யாரு ஜெயிச்சாங்கன்னு நீங்களே அதுல எழுதணும். எல்லாரும் பார்க்கணும்."

அன்று சாயங்காலம், தாடியை மழித்துக்கொண்டு நவநீத் தெருவுக்கு வந்தார். ஏணியில் ஏறி, பிரஷ்ஷால் பெரிதாக எழுதினார்: 'இந்த ஆண்டு வெற்றி பெற்றவர் சற்குணம்.' ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவர் காது சிவந்தது. ஆனாலும் கடைசி எழுத்துவரை எழுதிவிட்டுத்தான் இறங்கினார்.

ஏணியைப் பிடித்திருந்தவன் சுதீஷ்.

"மன்னிச்சுட்டியா?" என்று ஆர்யா அவன் காதில் கேட்டாள்.

"இல்லை. ஏணியைத்தான் பிடிச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. கிள்ளிப்பாலம் திருப்பத்தில் மூவரும் ஒரு வாளி நீர்மோருடன் நின்றார்கள். மோரை அன்று போலவே ஜானவியேதான் கலக்கினாள்.

"வர்றாங்க" என்றாள் ஆர்யா.

முதலில் புதுக் கண்ணாடியும் கழுத்தில் பதக்கமுமாகச் சற்குணம். சற்றுப் பின்னால், காலை லேசாக இழுத்தபடி நவநீத்.

சுதீஷ் சற்குணத்துக்காகக் கை சிவக்கத் தட்டினான். பேருந்துக்கு நின்றவர்களும் விஷயம் தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள். சற்குணம் பதக்கத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

நவநீத் வந்து நின்றதும் சுதீஷின் கைகள் நின்றுவிட்டன. அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நாளைக்குப் பயிற்சி எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

"ஆறு மணிக்கு" என்றார் நவநீத்.

ஜானவி டம்ளரை நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்தவரின் முகம் கோணியது.

"என்னம்மா ஜானவி, இவ்வளவு உப்பா போடுவா?"

சற்குணம் வாய்விட்டுச் சிரித்தார்.

"அன்னிக்கு இந்த வழியா ஓடினவா எல்லாருக்கும் அது தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஜானவி இன்னொரு டம்ளரை நிறைத்தாள்.