ஆறாத சூடு

கார் நின்று அரை மணி நேரமாகியும் இன்ஜினின் சூடு தணியவில்லை. அணைத்த இன்ஜின் ஆறும்போது இரும்பு சுருங்கி டிக், டிக்கென்று கேட்கும். போகப்போக இடைவெளி விட்டு ஓயும். இதுவோ போகப்போக நெருங்கியது, பின்னால் வருகிற யாரோ நடையை எட்டிப் போட்டது போல.

சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள் கெசியா. உச்சி வெயில். காய்ந்த செம்மணலின் வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டின. பின்சீட்டில் நாலு வயது மகள் அபிஷா தூங்கினாள். அவளுக்குக் காற்று வரட்டுமென்று நான்கு கண்ணாடிகளையும் சுற்றி இறக்கிவிட்டுத்தான் கெசியா பானட்டைத் தூக்கினாள். தூக்கிய பானட் காரின் உள்பக்கத்தை மறைத்தது.

போனில் மெக்கானிக் மணிராஜ்.

“சாவியத் திருப்புனா சுத்துதா டீச்சர்?”

“சுத்துது. பிடிக்க மாட்டேங்கு. காலையில ஒரே திருப்புல எடுத்துச்சு.”

“அப்பம் இக்னிஷன் காயில்தான். பழைய வண்டில்லா, சூடேறுனா கரண்டு குடுக்காது. ஈரத்துணியப் போட்டு வைங்க. பைய ஆறட்டும்.”

துண்டை நனைத்துக் காயிலின் மேல் சுற்றினாள். கையை எடுப்பதற்குள் துண்டு காய்ந்து மொடமொடத்தது. விரலில் பட்டது இரும்பின் சூடு போல இல்லை. காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டது போல இருந்தது.

ஸ்டார்ட்டர் ஒருமுறை உறுமி நின்றது.

“சும்மா சும்மா திருப்பாதீங்க டீச்சர். பேட்டரி எறங்கிரும்.”

“நான் திருப்பல. வெளிய நிக்கேன். சாவி என் கையிலல்லா இருக்கு.”

“தானா சுத்துனா ஸ்டார்ட்டர் ரிலேதான் ஒட்டியிருக்கும். பேட்டரி வயரக் கழத்திருங்க. பொறவு சுத்தாது.”

வயரை முறுக்கி இழுத்துத் தனியே பிடித்துக்கொண்டாள். சாலையின் இரு முனையிலும் கானல். பஸ் இல்லை. ஒரு காகம்கூட இல்லை. டிக்டிக் நின்றிருந்தது.

ஸ்டார்ட்டர் சுற்றியது. நீளமாக. பொறுமையாக.

மணிராஜுக்கும் கேட்டிருக்க வேண்டும். “டீச்சர்,” என்றான் அடிக்குரலில். “பிள்ள எங்க?”

ஓடினாள். கண்ணாடிகள் ஏறியிருந்தன. நான்கும். கதவு அசையவில்லை. சாவி நுழைந்தது, திரும்பவில்லை. கண்ணாடியைக் கையால் அறைந்தாள். கல்லைத் தேடினாள். எங்கும் மணல்.

அபிஷா விழித்திருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. ஆளில்லாத டிரைவர் சீட்டை நிமிர்ந்து பார்த்து, யாரோ கேட்டதற்குச் சம்மதம் சொல்வது போலத் தலையாட்டினாள். பிறகு இரண்டு சீட்டுக்கும் நடுவே ஏறி முன்னால் அந்தச் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

இன்ஜின் பிடித்தது.

குழந்தை உட்கார்ந்திருந்தது சீட்டில் அல்ல. சீட்டுக்கு ஒரு சாண் மேலே, மடியில் இருப்பவளைப் போல வாகாகச் சாய்ந்திருந்தாள். கவுன் இடுப்பைச் சுற்றி அமுங்கிக் கசங்கியிருந்தது, ஒரு கை இறுக்கி அணைத்த அகலத்துக்கு. ஸ்டீயரிங் மெல்லச் சுழல, கார் மணற்காட்டுப் பக்கம் திரும்பியது.