சுவரில் ஒரு தட்டு

அன்று காலை அவர் தேநீரை ஊதாமல் குடித்தார்.

இதிலென்ன இருக்கிறது என்று தோன்றும். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் வேலை முடிந்து வந்ததும் அதே நாற்காலியில் தொப்பென்று விழுவார். "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு, பிறகு கோப்பையின் விளிம்பில் நாலு ஊதல், அதற்கப்புறம்தான் முதல் வாய். அன்றைக்குப் பெருமூச்சும் இல்லை, ஊதலும் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கடகடவென்று குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். நாக்கு சுடவில்லையா என்று மனைவி கேட்டாள். சுடவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை பார்த்தார். ராத்திரி முழுக்க மாவும் நெருப்புமாக நின்றுவிட்டு, புளித்த மாவும் கருகிய மாவும் கலந்த வாசனையோடு விடியலில் வீட்டுக்கு வருவார். ஊர் விழிக்கும்போது அவர் தூங்கப் போவார். மனைவி தையல்காரி. வீட்டில் மூன்று அறைகள், ரயில் பெட்டி மாதிரி வரிசையாக. இடது கோடியில் படுக்கை அறை, நடுவில் அவளுடைய தையல் அறை, வலது கோடியில் ஜன்னலே இல்லாத ஒரு துணி அறை. அவருக்கு வெளிச்சம் படாமலிருக்கக் கெட்டியான கறுப்புத் துணியில் அவளே திரை தைத்துப் போட்டிருந்தாள். வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போகும் நேரத்தில், அந்த அறைக்குள் மட்டும் தனியாக ஓர் இரவு படுத்திருக்கும்.

அவருடைய குறட்டை லேசுப்பட்டதல்ல. மகள் அதற்கு 'கூட்ஸ் வண்டி' என்று பேர் வைத்திருந்தாள். மாடிவீட்டுப் பெரியவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பகலில் அந்தத் தாளத்துக்குத்தான் தனக்குத் தூக்கம் வருகிறது என்பார். எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரிக்கு மட்டும் அது சிரிக்கிற விஷயமாக இருந்ததில்லை. ஏனென்றால் வண்டி ஏறிக்கொண்டே போய், ஏதோ ஒரு மேட்டில் சட்டென்று நின்றுவிடும். அவள் கால் தானாகத் தையல் மிதியை விட்டுவிடும். சுவரைப் பார்த்துக்கொண்டு, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு கத்தரிக்கோலின் பிடியால் இடது சுவரில் இரண்டு தட்டு. அந்தப் பக்கம் 'ஹக்'கென்று, கிணற்றுக்குள்ளிருந்து ஆளைத் தூக்கி எடுத்த மாதிரி ஒரு மூச்சு வரும். வண்டி மறுபடி நகரும். அவளும் தைக்கத் தொடங்குவாள்.

சில சமயம் அந்தத் தட்டில் அவர் விழித்துக்கொள்வார். அப்போது விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டு பதிலுக்கு வரும். 'இருக்கேன்' என்று அர்த்தம். அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. குடித்தனத்தில் இப்படிச் சில பாஷைகள் தானாக முளைத்துவிடும். அவள் தட்டித் தட்டி அந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து குழியே விழுந்திருந்தது.

ஒரு நாள் அவர் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே தூங்கி, முன்கையைச் சுட்டுக்கொண்டார். வைத்தியம் பார்க்காமல் அடுப்புப் பக்கம் வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்த டாக்டர், தூக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நிற்கிறது, திரும்பத் திரும்ப நிற்கிறது, என்றைக்காவது திரும்பி வராமலே போகலாம் என்றார். "நீங்க தட்டி எழுப்பலைன்னா எப்பவோ போயிருப்பாரும்மா" என்று பாதி விளையாட்டாகச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்ததுதான்.

அப்படித்தான் அந்தக் கருவி வீட்டுக்கு வந்தது. ஒரு ரொட்டி அளவுக்குப் பெட்டி, உள்ளே தண்ணீர்த் தொட்டி, யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய், நுனியில் மூக்கைக் கவ்வும் முகமூடி. மாட்டிக் காட்ட வந்த பெண் பொறுமைசாலி. முதலில் விழித்திருக்கும்போதே போட்டுப் பழகச் சொன்னாள். "மூக்கால மட்டும் மூச்சு விடுங்கப்பா. வாயைத் திறந்தீங்கன்னா காத்தெல்லாம் அந்த வழியா ஓடிடும்." அவர் அவளுக்கு ஏதோ கேலியாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதிலாக 'உஷ்ஷ்'ஷென்று காற்று கொட்டியது. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, அவரே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பழகுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கன்னத்தில் பட்டையின் தழும்பு, விளிம்பில் கசிந்து கண்ணில் அடிக்கிற காற்று, வயிறு நிறைய வாயு. தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுவார். "யாரோ நெஞ்சு மேல உக்காந்து எனக்குள்ள ஊதுறாங்கம்மா. என்னை வெளிய தள்ளிட்டு அவங்க வந்து உக்காரப் பாக்குறாங்க" என்று ஒரு நாள் முனகினார். சின்னப் பிள்ளை மாதிரிப் பேசாதீர்கள் என்று அவள் அதட்டினாள். அதோடு விடவில்லை. ஊசியும் நூலும் கையில் இருக்கிறவள் சும்மா இருப்பாளா? பட்டைகளுக்கு உள்ளே மெத்தென்று துணி வைத்துத் தைத்தாள். வாய் திறந்துகொள்ளாமலிருக்கத் தாடையைத் தாங்கும் பட்டை ஒன்றும் அளவெடுத்துத் தைத்து, உச்சந்தலையில் இறுக்கி முடிந்தாள். கனகச்சிதமாகப் பொருந்தியது. அன்றைக்கு அவர் அதைப் பிடுங்கவில்லை.

அன்றைக்குத்தான் சுவர் முதன்முதலாக ஊமையானது. உஸ்ஸென்ற மெல்லிய காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. தையல்காரி மடியில் கிடந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஆசை தீர அழுதாள். இனி தட்ட வேண்டாம். இனி இவர் இருப்பார்.

அதற்கப்புறம்தான் அந்தத் தேநீர்.

மற்றவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முதலாளி திரும்ப அடுப்படியில் நிறுத்திக்கொண்டார். பத்து வயது குறைந்துவிட்டது என்றார்கள். படி ஏறினால் இரைப்பில்லை, உட்கார்ந்தால் முனகலில்லை, சட்டை மாட்டும்போது வழக்கமாக வரும் அந்தச் சுதி சேராத சீழ்க்கையும் இல்லை. அவர் மேல் ரொட்டி வாசனை வருவதும் நின்றுபோயிற்று. அடுப்படியிலிருந்து நேராக வந்து நின்றாலும் ரப்பரும் ஈரமும் கலந்த ஒரு வாசனைதான். கேட்டதற்குப் பதில் சொன்னார். கேட்காததைச் சொல்லவில்லை. உடம்பு தேறினால் மனுஷன் அமைதியாகிவிடுவான் போல என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

ஒரு நாள் முற்பகலில், தைத்துக்கொண்டிருந்த சட்டையின் காலரைத் திருப்பும்போது, குறட்டை கேட்டது.

வலது சுவரிலிருந்து.

முகமூடியைக் கழற்றியிருப்பார் என்று முதலில் இடப்பக்கம்தான் ஓடினாள். கறுப்புத் திரைக்கு உள்ளே அவர் மல்லாந்து, நேராக, கையை வயிற்றின்மேல் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பட்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. கருவி உஸ்ஸென்றது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். வலது சுவருக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி மேடு ஏறிக்கொண்டிருந்தது. அதே இழுப்பு, அதே விக்கல், அதே முட்டுக்கட்டை. ஏறியது. ஏறியது. நின்றது.

கைக்கு என்ன தெரியும்? அதற்குப் பழகியது ஒன்றுதான். யோசிக்கும் முன்பே கத்தரிக்கோல் வலது சுவரில் இரண்டு முறை தட்டியிருந்தது.

'ஹக்.'

மூச்சு திரும்பியது.

துணி அறைக் கதவைத் திறக்க அவளுக்கு அன்று மாலைவரை ஆயிற்று. விளக்கைப் போட்டாள். மூட்டைகள், வெட்டிய துண்டுகள், பழைய பொம்மைத் தலை ஒன்று. யாருமில்லை. ஆனால் சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளின் மேல் ஓர் ஆள் படுத்து எழுந்த பள்ளம். கையை வைத்தாள். சூடாக இருந்தது. குனிந்தபோது மூக்கில் ஏறியது, அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் வாசனை, ஓரத்தில் கொஞ்சம் கருகல். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அதில் சாய்ந்தபடி வெகுநேரம் நின்றாள்.

காதுதான் பழக்கதோஷத்தில் ஏமாற்றுகிறது என்று நம்பிப் பார்த்தாள். அதற்கும் இடமில்லாமல் போயிற்று. அவர் கருவியோடு ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போய் மாலையில் திரும்பிய நாளுக்கு மறுநாள், மாடிவீட்டுப் பெரியவர் படியில் நிறுத்தினார். "என்ன தங்கச்சி, மெஷின் ரிப்பேரா? நேத்து மத்தியானம் மறுபடி கூட்ஸ் வண்டி ஓடிச்சே. ரொம்ப நாள் கழிச்சு நல்லா தூங்கினேன்."

அதன்பின் தினமும் வந்தது. தினமும் கொஞ்சம் தேய்ந்து வந்தது. ஏற்றம் குறைந்தது, நிற்கும் இடைவெளி நீண்டது. ஒவ்வொரு தடவையும் தட்டக்கூடாது என்று நினைப்பாள், ஒவ்வொரு தடவையும் கை தட்டிவிடும், ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் ஏதோ ஒன்று நெஞ்சைப் பிளந்துகொண்டு மூச்சை இழுக்கும். கணவரிடம் சொன்னாள். அவர் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். அவ்வளவுதான். முகமூடியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார். இப்போதெல்லாம் உச்சந்தலை முடிச்சுக்கு மட்டும்தான் அவள் உதவி தேவைப்பட்டது.

கடைசியில் மகளிடம் போனில் சொல்லி உடைந்தாள். தூரத்து ஊரில் குடித்தனம் நடத்துகிற மகள், அம்மாவின் குரலே இளைத்துப் போய்விட்டது என்று முதலில் கவலைப்பட்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்: "எதுவா வேணா இருக்கட்டும்மா. நீ பதில் குடுக்கிற, அது வருது. ஒரே ஒரு தடவை தட்டாம இருந்து பாரேன். தானா அடங்கிடும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நாமாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம், பாவம்.

மறுநாள் அவர் படுத்தபிறகு, கத்தரிக்கோலை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். அளவுகோலையும் போட்டாள். தையல் மிஷினை ஓட்டவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்தாள். தெருவில் ஏதோ வண்டி போனது. குழாயில் தண்ணீர் சொட்டியது. இடப்பக்கம் உஸ்ஸென்ற காற்று, ஏறாமல், இறங்காமல்.

வலப்பக்கம் குறட்டை தொடங்கியது.

மெலிந்த குறட்டை. இழுத்து இழுத்து வந்தது. மேடு ஏறப் பார்த்தது. முடியவில்லை. இன்னொரு தடவை.

நின்றது.

கைகள் துடித்தன. இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். பல்லைக் கடித்தாள். மூச்சைப் பிடித்திருந்தாள், அவளுக்கே தெரியாமல். காது அடைத்தது. கண்ணில் பூச்சி பறந்தது.

வராதே.

வரவில்லை.

தாங்க முடியாமல் அவளே மூச்சை விட்டாள். அமைதி. நிஜமான அமைதி. கைகளை வெளியே எடுத்தாள். மரத்துப்போயிருந்தன. முடிந்தது. அடங்கிவிட்டது.

வலது சுவரில் ஒரு தட்டு கேட்டது.

ஒரே ஒரு தட்டு. மெதுவாக. விரல் முட்டியால்.

இருக்கேன்.

நாற்காலி பின்னால் விழுந்தது. அவள் சுவரின்மேல் பாய்ந்து வெறுங்கையால் தட்டினாள். இரண்டு. மறுபடி இரண்டு. "என்னங்க" என்றாள். தோல் உரிந்து சுண்ணாம்பில் ரத்தம் பட்டது. இரண்டு. இரண்டு. காதை ஒட்டினாள். சுவர் வெறும் சுவராக இருந்தது. துணி அறைக்கு ஓடித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். மூட்டையின்மேல் பள்ளம். கையை வைத்தாள்.

சூடு ஆறிக்கொண்டிருந்தது.

ரொட்டி வாசனையும் போய்க்கொண்டிருந்தது. வேகமாக. பிடித்து வைக்க முடியாமல்.

படுக்கை அறை.

கறுப்புத் திரை. உஸ்ஸென்ற சத்தம். அவர் மல்லாந்து கிடந்தார். நெஞ்சு உயர்ந்திருந்தது. இறங்கட்டும் என்று பார்த்தாள். இறங்கவில்லை. உயர்ந்தபடியே இருந்தது, காற்றடைத்த தலையணை மாதிரி.

பெட்டியின் பொத்தானை அமுக்கினாள். விளக்கு அணைந்தது. சுவரிலிருந்து ஒயரையும் பிடுங்கினாள்.

சத்தம் நிற்கவில்லை.

மூக்கிலிருந்து முகமூடியை இழுத்தாள். உச்சந்தலையில் அவளே போட்ட முடிச்சை அவளே அவிழ்த்தாள். தாடைப் பட்டை கையோடு வந்தது.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார்.

காற்று.

வெதுவெதுப்பான, ஈரமான, ரப்பர் வாசனைக் காற்று. அவள் நெற்றி மயிரைத் தூக்கியது. பின்னால் கறுப்புத் திரை உப்பியது. உள்ளே போவதுமில்லாமல், வெளியே வந்து முடிவதுமில்லாமல், ஒரே சீராக.

கையில் பட்டையோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது நிற்பதற்காக அவள் காத்திருந்தாள்.

நிற்கவில்லை.