வாளியில் மிதந்த முட்டைகள்

காலை ஏழு மணி. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை வாசலில் ஒரு வாளி. அதில் நான்கு முட்டைகள் மிதந்தன. மூழ்கினால் நல்லது, மிதந்தால் கெட்டது. அந்தச் செம்மண் காட்டில் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

கெட்ட முட்டையைத் தின்றுதான் விடியவிடிய வாந்தி எடுத்தேன் என்றான் ரோமம் கத்தரிக்கும் டாரில். சமையல்காரி வேண்டுமா வேண்டாமா என்று ரோமம் கத்தரிப்பவர்களே கைதூக்கி முடிவு செய்வது அங்கே வழக்கம். மதியம் கைதூக்கும்போது சமையல்காரி வெர்னாவின் பிழைப்பு போய்விடும் போலிருந்தது. விஷம் என்று புகார் போனதால் கான்ஸ்டபிள் நெரிடா ஜீப்பில் வந்து இறங்கினாள்.

இரண்டு முட்டைகளை உடைத்துப் பார்த்தாள். மஞ்சள் கரு குண்டாக நிமிர்ந்து நின்றது. நாற்றமே இல்லை. நல்ல முட்டை ஏன் மிதக்க வேண்டும்? நெரிடாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சுற்றி நின்றவர்கள் அவளைவிடக் குழம்பினார்கள். வெர்னாவுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது, பாவம்.

மீதி இரண்டையும் வெயிலில் படிமேல் வைத்துவிட்டு விசாரித்தாள். அதே முட்டைகளைத் தின்ற வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. வாளியைக் கொண்டுவந்தவன் டாரில். தண்ணீர் சமையலறையிலிருந்து. வாசலிலேயே குழாய் இருக்கிறதே என்றதற்கு, அவசரத்தில் தோன்றவில்லை என்றான்.

அதற்குள் ஆட்டுநாய் படியேறி முட்டைகளை நக்கத் தொடங்கியது. உடைக்கவில்லை, மேலாக நக்கியதோடு சரி. நாயை விரட்டிவிட்டு நெரிடா குனிந்தாள். காய்ந்த பழுப்பு ஓட்டில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு குழாய்த் தண்ணீர் பிடித்து முட்டைகளைப் போட்டாள். இரண்டும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

“வாளியில இருக்கிறது மாட்டுக்கறி ஊறப்போடுற உப்புத்தண்ணி. அதுல இன்னிக்கு இட்ட முட்டைகூட மிதக்கும். விடியவிடிய வாந்தி எடுக்கிற அளவுக்கு நேத்து என்ன குடிச்ச டாரில், ரம்மா?” என்றாள் நெரிடா.

வேலை முடியும்வரை கொட்டகையில் குடிக்கக் கூடாது. குடித்தவனுக்கு அன்றே கணக்கு முடிந்துவிடும்.

“வேலை போயிடும்னு பயந்துட்டேன்,” என்றான் டாரில், தரையைப் பார்த்தபடி.

வெர்னா இருக்கட்டும் என்று அங்கேயே எல்லோரும் கை தூக்கினார்கள். டாரிலும் தூக்கினான். வெர்னா ஏப்ரனை அவிழ்த்துக் கொடியில் போட்டாள்.

“நாலு வருஷமா உங்களுக்குச் சமைச்சுப் போட்டேன். ஒரு வாளித் தண்ணிய நம்புனீங்க. என்கிட்ட ஒருத்தனும் ஒரு வார்த்தை கேக்கல.”

அவள் வண்டி கிளம்பிப் போயிற்று. மதியம் அடுப்பு மூட்ட ஆள் இல்லை.