கை எடுத்தாச்சா?

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் என் கணவர் குணசீலனுக்குத் தகரம் வளைக்கும் வேலை. மெஷினுக்குள் அவர் தகரத்தைப் பிடிப்பார், கூட வேலை செய்யும் செங்கோடன் பெடலை மிதித்து அச்சை இறக்குவார். மிதிக்கும் முன், "கை எடுத்தாச்சா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "எடுத்தாச்சு" என்று பதில் வந்தால்தான் மிதி. சாப்பாடு கொண்டுபோய்க் கொண்டுபோய் எனக்கும் அந்தக் கேள்வி நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனோம். கரும்பு லாரிகளின் வரிசை, காதை அடைக்கும் இரைச்சல், குமட்டும் பாகு வாசம். பின்புறம் பழைய கிடங்கை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே கால் வைத்ததும் இரைச்சல் நின்றுபோனது. வாசம் மட்டும் கூடவே வந்தது.

நடுவில், அந்தக் காலத்தில் மாடு கட்டி ஓட்டிய கரும்பு ஆலை. மூன்று இரும்பு உருளைகள், மேலே நீண்ட மரத்தண்டு. காவலாளி வெள்ளியங்கிரி வாசலோடு நின்றுகொண்டார்.

"போட்டோ எடுத்துக்குங்க. அதுகிட்ட நின்னு கை எடுத்தாச்சான்னு மட்டும் கேட்டுப்போடாதீங்க சாமி."

"ஏனுங்க?" என்றேன்.

"அந்தக் காலத்துல மாடு ஓட்டறவன் கேட்டானுங்க. எடுத்தாச்சுன்னு பதில் வந்துச்சு. உருளைக்குள்ள கரும்பு குடுத்தவன் வாயே தொறக்கலீங்க. கை உள்ளாரயே இருந்துச்சு."

என் வீட்டுக்காரர் சிரித்தார். வேண்டாம் என்றால் அதைத்தான் செய்கிற ஆள். வலது கையை உருளைகளுக்கு நடுவே விட்டு, "எடு போட்டோவ" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தக் கையை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. போனை உயர்த்தியபோது கவனித்தேன். உருளைகள் ஈரமாக இருந்தன.

பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"கை எடுத்தாச்சுங்களா?"

அவர் உதடு அசையவில்லை.

"எடுத்தாச்சு."

கரகரத்த குரல். உருளைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

மாடில்லாத மரத்தண்டு நகர்ந்தது.

போனைப் போட்டுவிட்டு நெஞ்சைக் கொடுத்துத் தண்டை அழுத்தினேன். அது என்னையும் சேர்த்துத் தள்ளியது. இவர் அலறிக்கொண்டு கையை உருவினார். இரண்டு நகம் போனது, கை பிழைத்தது.

வெள்ளியங்கிரி உள்ளே வரவேயில்லை. "ஒருக்கா பதில் சொல்லிப்போட்டா அது உடாதுங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் இவர் விரலில் கட்டோடு வேலைக்குக் கிளம்பினார்.

"செங்கோடண்ணங்கிட்ட அதக் கேக்க வேண்டாம்னு சொல்லிப்போடுங்க" என்றேன்.

"பட்டறையே சிரிக்கும்" என்று போய்விட்டார்.

மனம் கேட்காமல் நானே ஓடினேன். வெல்டிங் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. இவர் இரண்டு கையாலும் தகரத்தை மெஷினுக்குள் பிடித்திருந்தார். செங்கோடன் குனிந்து பெடலைப் பார்த்தபடி வழக்கம்போலக் கேட்டார்.

"கை எடுத்தாச்சா?"

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாய் இறுக மூடியிருந்தது.

"எடுத்தாச்சு."

இந்த முறை அது இவருடைய குரலிலேயே சொன்னது.

செங்கோடன் பெடலை மிதித்தார்.