வலித்திருகு

கலியபெருமாளின் தலை மேசைமேல் உருண்டுபோய்த் தண்ணீர்ச் செம்பில் இடித்து நின்றது.

"அப்ப அடுத்த விஷயத்துக்குப் போகலாமா?" என்று கேட்டாள் பூங்கோதை.

"பொறும்மா," என்றது தலை. "முதல்ல என்னை எடுத்து வைக்கச் சொல்லு."

வெட்டிய வைரவன் வாளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாநாட்டு அழைப்பிதழில் கலியபெருமாள் பெயருக்கு மேலே தன் பெயர் வரவேண்டும் என்பது அவர் வாதம். கலியபெருமாள் செவ்வாய்க் கிரகத்துக் குவிமாடங்களில் காற்றைக் காக்கும் வளிக்காப்பாளர் சங்கத்தின் தலைவர், முதல் குவிமாடத்துக்காரர். வைரவன் செயலாளர், இரண்டாம் குவிமாடம். தலை ஒட்டிக்கொண்டதும் கலியபெருமாள் செய்த முதல் காரியம், வைரவன் வயிற்றில் ஈட்டியைச் செருகியது. செயலாளர் சரிந்த குடலை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, "சரி, தேநீர் இடைவேளை எத்தனை மணிக்கு?" என்றார்.

யாரும் பதற வேண்டாம். இந்த ஏற்பாட்டுக் கூட்டம் நடந்தது மெய்நிகர்க் கூடத்தில். ஆளுக்கொரு குவிமாடத்தில், ஆயிரம் கல் தொலைவில், அவரவர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அங்கே சிந்துவது ரத்தம் மாதிரி ஒன்று. வலி, எறும்பு கடித்த அளவு.

செவ்வாயில் நிஜச் சண்டைக்கு வழியே கிடையாது. கோபத்தில் ஒருவன் வீசுகிற சுத்தியல் கண்ணாடியில் பட்டால் குவிமாடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் மூச்சு போய்விடும். அதனால் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே காதுக்குப் பின்னால் அடக்கி என்ற மிளகளவு கருவியை வைத்துவிடுவார்கள். ரத்தத்தில் கோபம் ஏறி, கையும் ஓங்கினால், அது கையைத் தோளிலேயே உறைய வைத்துவிடும். ஆனால் மனுஷனுக்குக் கை அரிக்குமே, அதற்கு என்ன செய்வது? அதற்குத்தான் கூடம். அங்கே அடக்கிக்கு வேலையில்லை. கல்யாணப் பேச்சு, பங்காளித் தகராறு, தொழில் மாநாடு எதுவானாலும் கூடத்துக்குப் போய் வெட்டிக்கொண்டு, மாலையில் சிரித்த முகத்தோடு வீடு திரும்புவார்கள். நூறு வருஷமாக நாகரிகம் இப்படித்தான் நடக்கிறது.

பூங்கோதைக்கு அந்த நாகரிகத்தின்மேல் வெறுப்பு முற்றிப்போயிருந்தது. அவள் பதினோராம் குவிமாடத்தின் வளிக்காப்பாளர். கண்ணாடியும் தரையும் சேரும் இடத்தைச் சுற்றி ஓடும் அடிவளையம் அங்கே விரிசல் விட்டிருந்தது. காதை வைத்துக் கேட்டால் காற்று கசிகிற சீற்றம் கேட்கும். அவள் கணவன் ஒவ்வொரு நாளும் அதில் பசை பூசிக்கொண்டிருந்தான். இன்னொரு புழுதிப்பருவத்தை அது தாங்காது. உதிரி வளையங்கள் பொதுக்கிடங்கில் தூங்கின. ஒன்றை எடுத்துத் தர மாநாட்டில் ஒரு தீர்மானம் போதும். கூடத்தை முழு அளவில் திறக்க எல்லாக் குவிமாடங்களும் வருஷம் முழுக்க மின்சாரம் சேர்க்க வேண்டும். அப்படித் திறந்தாலும் ஒரே ஒரு பகல்தான். போன மூன்று மாநாடுகளிலும் வரவேற்புரையைத் தாண்டுவதற்குள் பொழுது போய்விட்டது.

இந்த வருஷம் அவளே மாநாட்டு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

ஒத்தாசைக்கு வந்தவன் கென்னடி. அதே குவிமாடத்துப் பாசிப் பண்ணையில் வேலை. வாய் திறந்தால் அந்த இடம் சிரிக்கும். அவன் பேசிப் பேசியே பண்ணை ஆட்கள் முப்பது பேரைத் தொண்டர்களாகச் சேர்த்திருந்தான்.

"என்ன வேலைன்னு சொல்லித்தான கூட்டிட்டு வந்த?" என்று கேட்டாள் பூங்கோதை.

"சொல்லிட்டேன்க்கா. விழுந்த தலைய எடுத்து உரிய ஆள்கிட்ட ஒப்படைக்கணும், மாத்தி வச்சிரப்படாதுன்னு. போன வருஷம் பொருளாளர் தலையக் கொண்டு போயி எவன் கழுத்துலயோ வச்சி, அந்தாளு சாயந்திரம் வர தப்புத்தப்பா ஓட்டுப் போட்டுருக்காரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் கண்ணும் கலங்கியது. "கென்னடி, இந்தத் தடவையும் தீர்மானம் வரலேன்னா நம்ம எல்லாரும் செத்துப் போயிருவோம். இங்க செத்தா தலைய எடுத்து ஒட்ட முடியாது."

"தீர்மானத்துக்கு முன்னால ஒரு சிரிப்புப் பட்டிமன்றம் வையுங்கக்கா," என்றான். "வயிறு குலுங்கச் சிரிக்கவன் கையில கத்தி நிக்காது. அந்தச் சூட்டோட நீங்க வளையத்தப் பத்திப் பேசிருங்க."

அவளுக்கும் அது சரியென்று பட்டது.

மாநாட்டு நாள் காலை குத்துவிளக்கு ஏற்றும்போதே ஆரம்பித்துவிட்டது. விளக்குக்கு முகம் ஐந்து, மேடையில் பிரமுகர்கள் ஆறு பேர். திரி கிடைக்காத ஆறாமவர் விளக்கை அப்படியே பிடுங்கி, பக்கத்தில் நின்றவர் நெஞ்சில் கூர்முனையை இறக்கினார். எண்ணெய் கொட்டித் தீப்பிடித்து முன்வரிசை எரிந்தது. வரவேற்புரையில் "மற்றும் பலர்" என்று தன்னைச் சேர்த்துவிட்டதாக ஒருவர் வரவேற்றவரின் நாக்கை அறுத்தார். பொன்னாடை போர்த்த வந்தவர்கள் அதைக் கொண்டே கழுத்தை நெரித்தார்கள். வைரவன் இரண்டு கையிலும் அரிவாளோடு நடுவழியில் இறங்கி, வருகிறவன் போகிறவனையெல்லாம் தோளோடு சீவினார். ஏழாம் குவிமாடத்துக்காரர்கள் ஒரு பேச்சாளரை நாற்காலியோடு கூறு போட்டார்கள். படிக்கட்டில் ரத்தம் ஓடியது. கென்னடியின் ஆட்கள் கூடையும் கையுமாக ஓடி ஓடிக் கைகால்களைப் பொறுக்கினார்கள்.

மதியத்துக்கு மேல் பட்டிமன்றம். தலைப்பு, "வீட்டில் காற்றை அதிகம் வீணாக்குவது கணவனா, மனைவியா?" நடுவர் கென்னடி.

"எங்க வீட்டுல காத்துமானி வச்சே பாத்துட்டேன்," என்று ஆரம்பித்தான். "எம் பொண்டாட்டி நாள் பூரா பேசுறதுக்குச் செலவாகுத காத்து கம்மிதான். அவ பேசி முடிச்ச பிறகு நான் ஒரு பெருமூச்சு விடுதேன் பாருங்க, அதுக்குத்தான் கூடுதலாகுது."

கூடம் அதிர்ந்தது. அரைத்தலையோடு இருந்தவர்கள் கூடச் சிரித்தார்கள். கத்திகள் தாழ்ந்தன. கலியபெருமாள் வைரவன் தோளில் கைபோட்டுக் குலுங்கிச் சிரித்தார். பூங்கோதை தீர்மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையோரம் வந்து நின்றாள்.

கென்னடி தீர்ப்புச் சொல்ல எழுந்தான்.

"தலைவர் நான் இருக்கையில் பாசிக்காரன் தீர்ப்புச் சொல்றதா?" என்றார் கலியபெருமாள்.

"தலைவர் சொன்னா அது தீர்ப்பா?" என்றார் வைரவன். அவ்வளவுதான். கலியபெருமாளின் கோடரி வைரவன் மண்டையைப் பிளக்க, வைரவன் ஆட்கள் கலியபெருமாளின் காலை முட்டியோடு எடுக்க, நடுவில் நின்ற கென்னடியை யாரோ இடுப்போடு வெட்டிப் போனார்கள். கூரையில் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கூடம் மூட அதிக நேரமில்லை.

பூங்கோதைக்கு ஆத்திரம் பொங்கியது. ஒருங்கிணைப்பாளர் மேசைக்கடியில் ஒரு திருகு உண்டு. வலியின் அளவைக் கூட்டிக் குறைப்பது. மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்காக வைத்தது. மற்றவர்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. அவள் அதை எறும்பு கடியிலிருந்து கடைசி வரை ஒரே திருப்பாகத் திருப்பினாள். நிஜ வலி.

கலியபெருமாள் போட்ட அலறலை அந்தக் கூடம் அதுவரை கேட்டதில்லை. வைரவன் மண்டையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று தரையில் புரண்டார். ஆயுதங்கள் கலகலவென்று விழுந்தன. தொண்டர்கள் அவசரமாகப் பாகங்களைப் பொருத்தினார்கள். சற்று நேரத்தில் எல்லோரும் பள்ளிப்பிள்ளைகளாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"மதிப்பிற்குரிய காப்பாளர்களே," என்று அவள் ஆரம்பித்தாள். "பதினோராம் குவிமாடத்துக்கு ஒரு வளையம் வேண்டும்."

"தாராளமா எடுத்துக்கம்மா," என்றார் கலியபெருமாள், கழுத்தைத் தடவிக்கொண்டே. "யாரு முன்மொழியறது?"

"செயலாளர்தான் முன்மொழியணும்," என்றார் வைரவன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கீழே கிடந்த ஆயுதங்களைப் பார்த்தார்கள். பிறகு கலியபெருமாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, தண்ணீர் கொடுக்கத் தன் குவிமாடத்திலிருந்து கூட்டி வந்திருந்த ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பிகளா," என்றார் உருக்கமாக. "நம்ம ஊருக்குன்னு ஒரு மானம் இருக்கா, இல்லையா?"

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவை இருக்கவில்லை. தண்ணீர் கொடுக்க வந்தவர்கள் செம்பை வீசிவிட்டு வாளை எடுத்தார்கள். வைரவன் விரலைக்கூட அசைக்கவில்லை. அவர் ஆட்கள் அதற்குள் பாய்ந்துவிட்டார்கள். இப்போது விழுந்த ஒவ்வொரு வெட்டும் நிஜமாக வலித்தது. எலும்பு நொறுங்கியவன் அலறினான், அலறிக்கொண்டே "தலைவர் வாழ்க" என்றான். கண் போனவன் தட்டுத்தடுமாறி எதிரியின் தொண்டையைக் கடித்தான். தலைவர்கள் இருவரும் ஒரே சோபாவில் அமர்ந்து, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள்.

"யார் ஆளு நிக்கிறாங்களோ அவங்க முன்மொழியட்டும். நியாயம்தானே?" என்றார் வைரவன். "நியாயம்தான்," என்றார் கலியபெருமாள்.

முதல் குவிமாடத்து ஆட்களும் இரண்டாம் குவிமாடத்து ஆட்களும் சரிக்குச் சரியாக நின்றார்கள். விடிந்தாலும் முடியாத சண்டை. கூரை இன்னும் மங்கியது. பூங்கோதை மேசைக்கடியில் கையைக் கொண்டுபோனாள். திருகைப் பின்னால் திருப்பினால் இவர்களின் வேதனை நிற்கும். திருப்பிய மறுநொடி தலைவர்களே மறுபடி வெட்ட இறங்குவார்கள், வளையம் போய்விடும். கென்னடியின் ஆட்கள் முப்பது பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க வாசிங்கக்கா," என்றான் கென்னடி. "நாங்க பாத்துக்கிடுதோம்."

அவள் திருகிலிருந்து கையை எடுத்தாள்.

பாசிக்காரர்கள் களைத்துப்போயிருந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே புகுந்தார்கள். பூங்கோதை வாசித்தாள். கென்னடியின் வலது கை தோளோடு போனபோது அவன் கத்திய கத்தலில் வாசகம் கேட்காமல் போகவே, அந்த வரியை மறுபடி உரக்க வாசித்தாள். வாசித்து முடித்தபோது பதினோராம் குவிமாடத்தார் நான்கைந்து பேர்தான் காலூன்றி நின்றார்கள். மற்ற இரண்டு தரப்பிலும் அதுகூட இல்லை. தீர்மானத்தை முன்மொழிந்தவர் பூங்கோதை. கைதட்டலோடு நிறைவேறியது.

நன்றியுரையில் கலியபெருமாள் மனம் நெகிழ்ந்தார். சங்க வரலாற்றிலேயே அசம்பாவிதம் ஏதுமின்றி, திருகு திரும்பிய பிறகு ஒரு தலைவர் மேலும் சிறு கீறல்கூட விழாமல் இனிதே நிறைவுற்ற மாநாடு இது என்றார். வருங்கால மாநாடுகளிலும் திருகு இதே அளவில் இருக்கட்டும் என்று ஏகமனதாக முடிவானது.

கூடம் மூடிய பிறகு எல்லோரும் முழு உடம்போடு கண் விழித்தார்கள். ஆனால் வலி நிஜமானால் மூளை அதை நம்பிவிடுகிறது. கென்னடியின் வலது கை இருந்த இடத்தில்தான் இருந்தது, அசையவில்லை. பூங்கோதை அவன் வீட்டுக்குப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "விடுங்கக்கா, வளையம் வருதுல்லா," என்றான் அவன். இந்தத் தடவை வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

வளையம் வந்தது. பொதுக்கிடங்கின் ஆட்களே கொண்டுவந்து பொருத்தினார்கள். கசிவின் சீற்றம் நின்றது. அவள் கணவன் பசை டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு அன்று பகலெல்லாம் தூங்கினான். பூங்கோதை வீட்டில் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது கென்னடி மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"அக்கா, பொருத்த வந்த ஆளுங்க வளையத்து மேல கலியபெருமாள் பேரைப் பொறிக்கப் பாத்தானுவ. விட்டுருவமா? ஸ்பேனரால மண்டையிலயே போட்டேன். ரெண்டு பேரு கெடக்கான். ஒருத்தன் பிழைக்க மாட்டான்னு நெனைக்கேன்."

"எங்க, கூடத்திலயா?"

"இங்கனதான்க்கா. வளையத்துகிட்ட."

செம்பு அவள் கையிலிருந்து நழுவியது. "இங்கயா? அடக்கி?"

"அதாம்க்கா அதிசயம்!" அவன் முகம் மலர்ந்திருந்தது. "ஓங்குன கை நிக்கவே இல்ல. எனக்கு எவன் மேலயும் கோவம் இல்லையே. உங்க முகத்த நெனச்சேன், மனசு பூரா அன்புதான். இடது கையிலயே என்னா வேகங்கீங்க! வளையத்துல லேசா ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்."

அவள் கத்த வாயெடுத்தாள். இவனை இப்போதே கட்டிப்போட வேண்டும், ஸ்பேனர்களையெல்லாம் பிடுங்கிப் பூட்ட வேண்டும், கணவனை எழுப்பி வளையத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எல்லாம் தெரிந்தது. அப்போது தெருவில் சத்தம் கேட்டது. பண்ணை ஆட்கள் மட்டுமல்ல. பட்டறைக்காரர்கள், கடைக்காரர்கள், அவள் இதுவரை முகம் பார்த்திராதவர்கள். எல்லோர் கையிலும் ஏதோ ஒரு கருவி. எல்லோர் வாயிலும் அவள் பெயர்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்க்கா," என்றான் கென்னடி. "சும்மா முகத்தக் காட்டுங்க, போதும்."

பூங்கோதை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஜன்னலுக்குப் போனாள். கூட்டத்தைப் பார்த்து, தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டாள்.