மெப்பலுக்கு வரும் வழி

கிரீஸிலிருந்து வந்த பதிலில் மூன்று பேர் என்று இருந்தது. ஹில்லி எழுதியது இரண்டு.

நெதர்லாந்தின் மெப்பலில் ஜனவரி என்பது மே மாதப் பயணத்துக்கு இடம் பிடிக்கும் காலம். வெளியே வாய்க்கால் உறைந்து கிடக்கட்டும், சூரியன் வேலைக்கு வராமல் போகட்டும், ஹில்லியும் கணவர் கெர்பெனும் சமையலறை மேசையில் ஐரோப்பாவை விரித்து, அது சுருளாமலிருக்க நாலு மூலையிலும் காப்பிக் கோப்பை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லொவேனியா, குரோஷியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, கிரீஸ். கெர்பென் பென்சிலால் கோடு இழுத்தார். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கேரவன் வீட்டை நிறுத்தும் தங்குமிடங்களுக்கு எழுதியதும் பாஸ்போர்ட் நகல் அனுப்பியதும் ஹில்லி.

தப்பைத் திருத்த அவளே கிரீஸுக்கு போன் செய்தாள்.

"தப்பு இல்ல மேடம். மூணாவது ஆள் வந்துட்டாரே," என்றான் தங்குமிடக்காரன். "ஏப்ரல் வரைக்கும் பூட்டித்தான் இருக்கும். வாசல்ல நின்னு உங்க பேரைச் சொன்னார். மழையா வேற பெய்யுது, திறந்து விட்டேன்."

"யாரது? பார்க்க எப்படி இருக்கார்?"

"அதான் சொல்லத் தெரியல. முகத்தைப் பார்த்தேன், ஆனா பார்த்த மாதிரி இல்ல. உங்க வீட்டுக்காரர் என்ன உயரம்னு கேக்கச் சொல்றார்."

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஹில்லிக்குத் தூக்கம் வராது. ஒரு மீட்டர் தொண்ணூற்றொன்று என்று சொன்னாள். செருப்பில்லாமல் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் கெர்பெனின் கால்சட்டை தரையில் புரண்டது.

"துணி நீளுது பாரு," என்றார், மடித்துவிட்டுக்கொண்டே. மூன்றாவது ஆளைப் பற்றிச் சொன்னதற்கு, "உன் தங்கச்சியா இருக்கும். கூப்பிடாம வர்றது அவதான்," என்று மூக்கால் சிரித்தார். தோள் இரண்டும் குலுங்கின.

ஒன்பது நாள் கழித்து அல்பேனியாவிலிருந்து போன் வந்தது. ஒரு கிழவரின் குரல். அவருக்குப் பின்னால் காற்று ஊளையிட்டது. காற்றுக்கு நடுவே வேறு யாரோ, ஈரத் துணியின் வழியாக இழுப்பது போல, மெதுவாக மூச்சு விட்டார்கள்.

"உங்க ஆள் வந்துட்டார்மா. நல்ல உயரம்! நிலையில தலை இடிச்சுது. உங்க வீட்டுக்காரர் எப்படிச் சிரிப்பார்னு கேக்கிறார்."

"மூக்கால," என்று ஹில்லியின் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அந்த உயரம் அவளுக்கு உறைத்தது.

அன்று மாலை தொலைக்காட்சியில் ஒருவன் வழுக்கி விழுந்தான். கெர்பென் வாயைத் திறந்தார். தோள் அசையவில்லை. சத்தம் வரவில்லை. கொட்டாவியைப் பாதியில் தொலைத்தவர் போல வாயை மூடிக்கொண்டு, "என்னமோ... வரமாட்டேங்குது ஹில்," என்றார்.

அவள் கொடுப்பதெல்லாம் அவரிடமிருந்து போகிறது. அது கெர்பெனைக் கொஞ்சம் கொஞ்சமாக உடுத்திக்கொண்டு, அவளே ஊர் ஊராக இடம் பிடித்துக் கொடுத்த பாதையில் ஏறி வருகிறது.

மாண்டினீக்ரோவில் அவர்கள் தங்க இடம் பிடித்திருக்கவில்லை. இன்னும் ஒன்பது நாளில் குரோஷியாக்காரி கூப்பிட்டபோது ஹில்லி எதுவும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். போனுக்குப் பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"முகம் எப்படின்னு கேட்டார்," என்றாள் குரோஷியாக்காரி. "உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? பாஸ்போர்ட் நகலைக் காட்டிட்டேன்."

ஹில்லி அன்றே மிச்சமிருந்த இடங்களையெல்லாம் ரத்து செய்தாள். ஸ்லொவேனியா, ஆஸ்திரியா, ஜெர்மனியில் இரண்டு. பிறகு தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் பகல் பத்து மணி வரை தூங்கினாள். எழுந்தபோது கெர்பென் இல்லை. கேரவன் சக்கரங்களுக்குக் காற்றடிக்கக் கிளம்பியிருந்தார். குளிர்காலத்தில் அது ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு குடியானவரின் கொட்டகையில் நிற்கும்.

பதினொன்றுக்கு ஸ்லொவேனியாவிலிருந்து போன். "ரத்துன்னு சொன்னேன் மேடம். இல்லைன்னா ஒவ்வொரு ஊர்லயும் ஒன்பது நாள் தங்கியிருப்பாராம். இனி நேரா வீட்டுக்கே போறேன்னுட்டார்."

"எதுல போறார்?"

"நடந்துதான். ஆனா கொஞ்சம் வேகமா நடக்கிறார்."

பன்னிரண்டுக்கு ஆஸ்திரியா. நிற்கவில்லையாம். ஒன்றுக்கு, ஜெர்மனியின் தெற்கே பவேரியா. இரண்டு மணிக்கு, எல்லைக்கு இந்தப் பக்கம் வர ஒரே ஒரு ஊர் பாக்கியிருக்கையில், ஜெர்மன் கிழவி ஒருத்தி பேசினாள். "உங்க வீட்டுக்காரர் இப்பதான் எங்க வாசலைத் தாண்டிப் போனார். கை அசைச்சார். நல்ல மனுஷன்."

ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி அதை எங்காவது தங்க வைத்தால் போதும். வழியிலிருந்த தங்குமிடங்களையெல்லாம் கூப்பிட்டாள். குளிர்கால விடுமுறை. குளிர்கால விடுமுறை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கெர்பெனைக் கூப்பிட்டாள். ஐரோப்பாவுக்கு அடியில், மேசை மேலேயே அவர் போன் அதிர்ந்தது.

சைக்கிளை எடுக்க ஓடினாள். கதவைத் திறப்பதற்குள் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு அவர்களுடைய கார் தெருவில் திரும்பியது. பின்னால் கேரவன். ஒரு தடவைகூடப் பின்னால் போகாமல், கச்சிதமாக வாசலில் வந்து நின்றது. கெர்பெனுக்கு அது ஒரு நாளும் வந்ததில்லை.

இறங்கியது நல்ல உயரம். கெர்பெனின் முகம். பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே, சிரிக்காத, நேரே பார்க்கும் முகம். வெறுங்கால்.

அவளைத் தாண்டி உள்ளே போனது. மேசை முன் உட்கார்ந்தது. அவளும் போய் உட்கார்ந்தாள். கால்கள் அப்படித்தான் நடந்தன.

வாசல் ஜன்னலுக்கு வெளியே கேரவன் தெரிந்தது. அதன் கண்ணாடியில், உள்பக்கமிருந்து, ஒரு உள்ளங்கை. டக். டக். டக். நகம் கண்ணாடியில் படும் சத்தம் இங்கே வரை கேட்டது. முகம் தெரியவில்லை. அவள் தேடவில்லை.

அது இரண்டு கையையும் வரைபடத்தின் மேல் விரித்து வைத்தது. விரல் நுனிகள் தேய்ந்த சோப்புக்கட்டி போல வழவழவென்று முடிந்தன. நகம் இல்லை. நகத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை.

அவள் பார்ப்பதை அதுவும் பார்த்தது.

"மேடம்," என்றது, கிரீஸ்காரனின் குரலில். "அவருக்கு இது எப்படி இருக்கும்?"

ஹில்லி சொல்லவில்லை. பல்லைக் கடித்தாள். கண்ணை மூடினாள். சொல்லவே இல்லை. நினைக்காமல் இருக்கத்தான் முடியவில்லை. அகலமான நகம். ஓரம் கடித்தது. வலது கட்டை விரலில் கொஞ்சம் மஞ்சள்.

கண்ணைத் திறந்தபோது வலது கட்டை விரலில் முதல் நகம் முளைத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் மஞ்சளாக. பிறகு அடுத்த விரலில். பிறகு அடுத்ததில்.

வெளியே கேரவன் கண்ணாடியை அந்தக் கை இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தது. டக் என்ற சத்தம் மட்டும் இல்லை. வெறும் சதை, மெத்து மெத்தென்று.